சீல் உடைந்த ஜின் பாட்டிலும் என் சம்பந்தியும்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திரு. ஹிலேர் அமேகா அவர்களின் சமூகத்திற்கு, ஓய்வுபெற்ற தபால் அதிகாரி வில்பிரெட் டோட்செ பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி கம்ஃபர்ட்டும் என் முழங்கால் நீங்கலாக நலம். அங்கு தாங்களும், தங்கள் துணைவியாரும், தங்கள் அக்கா பிலோமென் அம்மையாரும், தங்கள் சேவலும் நலமென்று அறிவேன். இன்று காலையும் அந்தச் சேவல்தான் என்னை எழுப்பியது. அது கூவினால் என் படுக்கையில் கேட்கிறது. ஆனால் இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டால் எங்கள் தலைநகர் அக்ரா போய், அங்கிருந்து எல்லை தாண்டி உங்கள் தலைநகர் லோமே போய், மழைக்காலம் முடிந்தபின் தங்கள் கைக்கு வரும். ஆயுள் முழுக்க அந்தத் தபாலில் உழைத்தவன் ஆகையால், விஷயம் தெரிந்து, இதை நம் இரண்டு வீட்டுக்கும் வந்துபோகும் கருவாட்டுக்காரம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

எழுத வந்த காரணம் நன்றி. சனிக்கிழமை என் மகன் செலோமுக்குத் தங்கள் மகள் மவூசியைப் பெண் கேட்டு, முறைப்படி கதவு தட்ட வந்தபோது தாங்கள் செய்த காரியத்துக்கு அங்கேயே நன்றி சொல்ல வாயெடுத்தேன். பிலோமென் அக்கா பக்கத்திலேயே இருந்ததால் மூடிக்கொண்டேன். படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடவும்.

அன்று நடந்ததில் பாதிதான் தங்களுக்குத் தெரியும். பெண் கேட்கப் போகும்போது கொண்டுபோகும் ஜின் பாட்டில் சீல் உடையாமல் இருக்கவேண்டும், உடைந்திருந்தால் பெண் வீட்டை அவமதித்ததாகும் என்று குழந்தைக்கும் தெரியும். போன வருஷம் சீல் கொஞ்சம் ஆடியதற்கே ஒரு மாப்பிள்ளையை பிலோமென் அக்கா வாசலோடு திருப்பி அனுப்பினார். அடுத்த சனிக்கிழமை லோமேயிலிருந்து வேறொரு வீட்டார் வரப்போகிறார்கள், அவர்கள் நம்மை முந்தினால் முடிந்தது கதை என்று செலோம் ஒரு வாரமாகச் சாப்பிடவில்லை. அதனால் நானே பஸ் நிலையத்துக்குப் போய், அரை நாள் பேரம் பேசி, அசல் ஹாலந்து ஜின்னைப் பாதி விலைக்கு வாங்கினேன். நம் முன்னோர் பனங்கள் குடித்து வளர்ந்தவர்கள்தான். ஆனால் வெள்ளைக்காரன் கப்பலில் இந்த ஜின்னைக் கொண்டுவந்து பழக்கிவிட்டு, நாம் பனஞ்சாராயம் காய்ச்சினால் ஜெயிலில் போட்டதிலிருந்து, தரையில் ஊற்றிப் படைத்தால் அவர்களுக்கு வேறெதுவும் இறங்குவதில்லை. நான் என்ன செய்ய?

வழக்கம்போல என் மரவள்ளித் தோட்டத்துக்குள் புகுந்திருந்தால் தங்கள் சமையலறைக்கே வந்திருக்கலாம். உப்பு கேட்க கம்ஃபர்ட் தினமும் அப்படித்தான் வருகிறாள். சம்பந்தம் பேசப் போகிறவன் திருடன் மாதிரி புதருக்குள் போவதா என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். விசேஷத்துக்குப் போடும் கெண்டே துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, எல்லாரையும் கூட்டிக்கொண்டு, சுற்றிப் போய் உங்கள் பக்கத்து எல்லைச் சாவடியில் நின்றேன். சுங்கக்காரன் பிரெஞ்சில என்னமோ கேட்டான், நான் இங்கிலீஷ்ல என்னமோ சொன்னேன், ரெண்டு பேருக்கும் ஒண்ணும் புரியல. அப்புறம் கம்ஃபர்ட், “ஏம்ப்பா, முகம் வாடியிருக்கே, சாப்பிட்டியா?”ன்னு நம்ம பாஷையில கேட்டா. அவனும் நம்ம பாஷையிலயே, “இல்லம்மா”ன்னான். அப்படியே விட்டிருந்தா நல்லாயிருந்திருக்கும்.

“பெரியவரே, பையில என்ன?”

“ஜின்.”

“யாருக்கு?”

“முன்னோருக்கு.”

“அவங்க எந்த நாடு?”

சம்பந்தி, எனக்கு வந்ததே கோபம்! “எங்க பாட்டன் பொறந்தப்ப இங்க ஒரு நாடும் கிடையாது, ஒரே ஊர்தான்! ஜெர்மன்காரன் வந்து ஆண்டான். அவன் சண்டையில தோத்ததும் இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் எங்கேயோ உட்கார்ந்துக்கிட்டு ரொட்டியைப் பிய்க்கிற மாதிரி பிய்ச்சுக்கிட்டானுங்க. வீடு இங்கிலீஷ், கிணறு பிரெஞ்சு! அவங்க போயும் வருஷக்கணக்காச்சு, அவங்க கிழிச்ச கோட்டை மட்டும் ஏம்ப்பா நீ காவல் காக்கறே?”ன்னு கத்திட்டேன். அவன் நிதானமாகப் பாட்டிலை வாங்கி, நான் ஐயோ ஐயோ என்று கத்தக் கத்த, சீலை முறுக்கி உடைத்தான். மூடியில ஊத்தி வாயில விட்டுக்கிட்டான். முகம் ஒரு மாதிரி ஆச்சு. சரக்கு அவ்வளவு காரம்னு எனக்கு உள்ளூரப் பெருமை வேற. “இது உள்ள போகாது”ன்னு சொல்லி மேஜைக்கு அடியில வெச்சுட்டான். நீங்க போகலாம், பாட்டில் போகாது. செலோம் மாமரத்தடியில உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். ஆறடி ஆள்.

அப்பத்தான் இன்னும் காணோமேன்னு நீங்க தேடிக்கிட்டு வந்தீங்க. நான் சொன்னதைக் கேட்டீங்க. நேரா வீட்டுக்குப் போயி, உங்க அப்பா நினைவுநாளுக்குன்னு துணிப்பெட்டியில பூட்டி வெச்சிருந்த பாட்டிலைத் துண்டுல சுத்திக் கொண்டுவந்து என் கையில வெச்சீங்க. “நான் இங்க வரவே இல்ல. நீங்க என்னைப் பார்க்கவே இல்ல. சீக்கிரம் வந்து கதவைத் தட்டுங்க”ன்னீங்க. பெண்ணைப் பெத்தவர், கேட்டு வந்தவன் மானத்தைத் தன் பெட்டியிலிருந்து எடுத்துக் குடுத்தீங்க. சம்பந்தி, என்னை யாரும் இப்படித் தாங்கினதில்ல.

அதோட விட்டீங்களா? நாங்க வாசலுக்கு வந்தப்ப முகத்தை விறைப்பா வெச்சுக்கிட்டு, “யாருங்க நீங்க? என்ன வேணும்?”னு கேட்டீங்க பாருங்க! சிரிப்பை அடக்கினதுல என் விலா இன்னும் வலிக்குது. பிலோமென் அக்கா சீலைத் தடவினாங்க, திருப்பினாங்க, மோந்தாங்க. “இதுல என்ன, நம்ம துணிப்பெட்டி வாசனை அடிக்குது?”ன்னாங்க. உங்களுக்கு வந்த இருமலுக்கு மருந்து ஏதும் சாப்பிட்டீங்களா? மவூசியை மூணு தடவை கேட்டாங்க, இந்த ஜின்னை நாங்க குடிக்கலாமான்னு. மூணு தடவையும் அவ தலை நிமிர்ந்து, “குடிங்க அத்தை”ன்னா. அக்கா தரையில ஊத்தி முன்னோரைக் கூப்பிட்டாங்க. உங்க பாட்டன் பேரைச் சொன்ன மூச்சிலயே என் பாட்டன் பேரையும் சொன்னாங்க. அவங்க ரெண்டு பேரும் ஒண்ணா மீன் பிடிச்சவங்களாமே! எனக்குத் தெரியாது சம்பந்தி. அழுதுட்டேன்.

அன்று தங்கள் வீட்டு அக்ப்ளே களியும் வெண்டைக்காய்க் குழம்பும் பிரமாதம் என்று கம்ஃபர்ட் சொல்லச் சொன்னாள். தங்கள் தகப்பனார் நினைவுநாளுக்கு, சீல் உடையாத பாட்டிலோடு நானே வருவேன், மரவள்ளித் தோட்டம் வழியாக. கடவுளும் நம் இரண்டு பாட்டன்மாரும் தங்கள் வீட்டு அடுப்பை அணையாமல் காக்கட்டும்.

என்றும் நன்றியுள்ள,
வில்பிரெட் டோட்செ

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் அந்தச் சுங்கக்காரன் என் பாட்டிலோடு வந்து நிற்கிறான், மரவள்ளித் தோட்டம் வழியாக! “பெரியவரே, உள்ள இருந்தது பச்சைத் தண்ணி. உங்க மகன் எதிர்ல சொல்ல மனசு வரல, அதான் பிடிச்சு வெச்சேன்” என்கிறான். நானும் குடித்துப் பார்த்தேன். தண்ணீர்தான். அக்கா கையால் அது தரையில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! ஆகவே மேலே அவனையும் எல்லைக்கோட்டையும் திட்டியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். அந்தச் சுங்கக்காரப் பிள்ளை இப்போது கம்ஃபர்ட் கையால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். இத்தனை வருஷத்தில் அந்தக் கோடு நமக்குச் செய்த ஒரே நல்ல காரியம், அந்தப் பாட்டிலை மறித்ததுதான். தயவுசெய்து இதை வெளியே சொல்லிவிடாதீர்கள் சம்பந்தி. கோடு போட்டவர்கள் காதுக்கு எட்டினால், இதுக்காகத்தான் போட்டோம் என்பார்கள்.