மாப்பிள்ளையின் பதினான்கு கார்கள்

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். என் முழங்கால் நான் சொன்னபடி கேட்கிறது, அத்தையின் ரத்த அழுத்தம் டாக்டர் சொன்னபடி கேட்கிறது. அங்கே நீங்களும் என் மகளும் புது வேலை, புது வீடு எல்லாம் பழகிச் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கல்யாணமாகி இந்த நான்கு வருடத்தில் நீங்களும் நானும் பேசிக்கொண்டது "வாங்க", "சாப்டீங்களா", "வண்டிய எங்க நிறுத்தியிருக்கீங்க" என்ற மூன்றே மூன்று வாக்கியங்கள்தான். நான்காவது வாக்கியம் இப்படி அமைந்துவிட்டதற்கு மிகவும் வருந்துகிறேன். உங்கள் பதினான்கு கார்களும் போய்விட்டன.

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். முப்பத்தைந்து வருடம் பிரேக் இன்ஸ்பெக்டராக இருந்து, லைசென்ஸுக்கு வருகிறவர்களைச் சோதித்து, விபத்து அறிக்கை எழுதிய கை இது, எதையும் கூட்டவோ குறைக்கவோ தெரியாது. நீங்கள் ஆறு மாதத்துக்கு ஊர் மாறிப் போகும்போது எங்கள் அலமாரியில் ஓர் அட்டைப்பெட்டி வைத்தீர்கள் அல்லவா, "இது அவரோட கேம் பெட்டி, பத்திரமா இருக்கட்டும்பா" என்று மகள் சொல்லிவிட்டுப் போனாள், நானும் அதன் பக்கமே போகவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் எங்கள் பழைய டீவி கண்ணை மூடிவிட்டது. புது டீவி மாட்ட வந்தவர் ஸ்க்ரூட்ரைவரால் அலமாரியைக் காட்டி, "சார், அதையும் சேத்து மாட்டிடட்டுங்களா" என்றார். கையில் கருவி வைத்திருப்பவர் எதைக் கேட்டாலும் நான் தலையாட்டிவிடுவேன், அது என் சுபாவம். அவர் போன பிறகு செய்தி பார்க்கலாம் என்று ஒரு பொத்தானை அமுக்கினேன். செய்தி வரவில்லை. ஒரு நகரம் வந்தது.

நல்ல நகரம், அதை மறுக்கமாட்டேன். பாலம், துறைமுகம், கடைத்தெரு, நடுவில் ஒரு குன்று, எல்லாச் சாலையிலும் பளிச்சென்று கோடு. ஓரமாக ஒரு சிவப்புக் காரில் மொட்டைத்தலையும் கழுத்தில் பச்சை குத்திய பல்லியுமாக ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். தலைக்கு மேலே "புயல்" என்று பெயர் மின்னியது. மாப்பிள்ளை, உண்மையைச் சொல்கிறேன், மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு எங்கள் வீட்டு நாற்காலி நுனியில் உட்காருகிற உங்களுக்குள் இப்படி ஒருவர் இருப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. கொஞ்சம் பயமாகவும் கொஞ்சம் மரியாதையாகவும் இருந்தது. சரி, இரண்டு தெரு ஓட்டிவிட்டு அணைத்துவிடலாம் என்று அந்தப் பொத்தான்கள் நிறைந்த கைப்பிடியை எடுத்தேன். சீட் பெல்ட் பொத்தானைத் தேடிக் கால் மணி நேரம் போயிற்று. பிறகு ஓரமாக, நிதானமாகப் போய்ச் சிவப்பு விளக்கில் நின்றேன். அந்த ஊரில் சிவப்பு விளக்கில் நின்ற முதல் ஆள் நான்தான் போலிருக்கிறது, பின்னால் வந்த லாரி நேராக வந்து முட்டியது. இறங்கி அதன் நம்பரைக் குறித்துக்கொள்ளலாம் என்று இறங்குகிற பொத்தானை அமுக்கினேன், அவ்வளவுதான். உங்கள் புயல் விறுவிறுவென்று நடந்துபோய், லாரி டிரைவரைச் சட்டையைப் பிடித்து இழுத்து ரோட்டில் போட்டுவிட்டு, தான் ஏறி உட்கார்ந்துகொண்டான். நான் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. உடனே சைரன் கேட்டது. தப்பு நடந்த இடத்தைவிட்டு ஓடக் கூடாது என்று ஆயிரக்கணக்கான பேருக்குச் சொல்லிக் கொடுத்தவன் ஆகையால் நான் லாரியிலேயே காத்திருந்தேன். கைது செய்தார்கள். விட்டார்கள். மறுபடியும் கிளம்பினேன், மறுபடியும் யாரோ முட்டினார்கள், மறுபடியும் நம்பர் குறிக்க இறங்கினேன். சாயங்காலத்துக்குள் பதினோரு தடவை கைதானேன்.

சாப்பாட்டு மேசையில் பீன்ஸ் நறுக்கியபடி அத்தை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பதினோரு தடவ மாட்டிக்கிட்டீங்க. ஒரு தடவையாவது ஓடிப் பாருங்களேன்."

"ஓடறது குத்தம்."

"நிக்கறதாலதான பிடிக்கறாங்க. இங்க குடுங்க."

கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினாள். மாப்பிள்ளை, நான் ஆயுசில் எத்தனையோ ஓட்டுநர்களைப் பார்த்தவன். கடைத்தெருவுக்குள் புகுந்து, நூலகத்துப் படிக்கட்டில் தடதடவென்று இறங்கி, இரண்டு லாரிக்கு நடுவில் ஒரு விரல்கூட இடம் இல்லாத இடத்தில் நுழைந்து, கப்பலுக்காகத் தூக்கிக்கொண்டிருந்த பாலத்தின் மேலே ஏறித் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினாள். துரத்தி வந்த நான்கு போலீஸ் வண்டியும் வரிசையாகத் தண்ணீரில் விழுந்தன. அத்தை மறுபடியும் பீன்ஸ் நறுக்க உட்கார்ந்துவிட்டாள்.

"இண்டிகேட்டர் போடவே இல்ல," என்றேன்.

"அதுக்கு பட்டன் இல்லங்க."

"ஹாரனாவது அடிக்கலாம்ல."

"எதுக்கு, அவங்களே ஒதுங்கறாங்க."

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் இரண்டு மணி நேரம் இதுதான். அவள் ஓட்டுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து பழைய சோதனைப் படிவத்தில் மதிப்பெண் போடுவேன். முதல் நாள் நூற்றுக்கு எட்டு. அதுவும் பின்னால் வருவதைக் கண்ணாடியில் பார்த்ததற்காக. அவளுக்கு பிரேக் பிடிக்கிற உத்தேசமே கிடையாது என்பதால் அந்த வேலையை என் வலது கால் தானாக எடுத்துக்கொண்டது, சோபாவுக்கு முன்னால் கிடந்த மிதியடி இப்போது ஓட்டையாகிவிட்டது. இதெல்லாம் எங்கள் வீட்டோடு இருந்திருந்தால் பரவாயில்லை. கீழ் வீட்டுப் பல் டாக்டர் அம்மாவுக்கு மத்தியானத்தில் கொஞ்சம் கண்ணயர்கிற வழக்கம். ஜன்னல் வழியாக அவர் காதில் "போலீஸ் பின்னாடியே வர்றான், வண்டியத் தண்ணில தள்ளிட்டு நடந்து வந்துடு" என்று என் குரல் விழுந்தால் அவர் என்ன நினைப்பார். குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் சொல்லிவிட்டார். அவர் வாட்ச்மேனையும் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்று, மிகவும் நாசூக்காக, "சார், வீட்ல எல்லாம் நல்லபடியா இருக்குல்ல" என்றார். நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து அத்தை, "நம்பர் பிளேட்ட மாத்தியாச்சு, பெயின்ட்டும் அடிச்சாச்சு, இனிமே எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது" என்றாள். வாட்ச்மேன் இரண்டு படி இறங்கி நின்றுகொண்டார். உள்ளே அழைத்துக் காட்டினேன். ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று உட்கார்ந்த செயலாளர் ஆறு மணிக்குத்தான் எழுந்தார். இப்போது செவ்வாயும் வெள்ளியும் வருகிறார். அவருக்கும் ஓட வரவில்லை, ஏழு தடவை கைதாகியிருக்கிறார்.

இனி உங்கள் கார்கள். ஒருநாள் ஆட்டம் முடிந்து அணைக்கப் போகும்போது, பழைய ஆட்டத்தின் பதிவுக்குப் பதிலாக எங்கள் ஆட்டத்தின் புதுப் பதிவை வைத்துக்கொள்ளலாமா என்று அந்தப் பெட்டி கேட்டது. அரசாங்க வேலை பார்த்தவனிடம் பதிவைப் புதுப்பிக்கலாமா என்று கேட்டால் அவன் வேறு என்ன சொல்வான். அமுக்கிவிட்டேன். மறுநாள் புயல் தன் கார்களைச் சேர்த்து வைத்திருந்த ஷெட்டைத் திறந்தால் வெறும் தரை. கதவு மேல்நோக்கித் திறக்கிற வெள்ளிக் கார், மஞ்சள் கார், இரண்டு பந்தயக் கார், ஒரு தீயணைப்பு வண்டி (அது உங்கள் கைக்கு எப்படி வந்தது என்று நான் கேட்கப்போவதில்லை), எல்லாமாகப் பதினான்கும் இல்லை. அத்தைக்குப் பிடித்த ரொட்டிக் கம்பெனி வேன் மட்டும் நடுவில் நின்றது. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு வருட உழைப்பு என்று செயலாளர் வேறு கணக்குச் சொன்னார். பதினான்கையும் ஒவ்வொன்றாகத் திருடிக் கொடுத்துவிடுவதாக அத்தை வாக்களித்திருக்கிறாள். இதுவரை மூன்று ஆகியிருக்கிறது.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் உங்களிடம் எழுத உட்கார்ந்த பிறகு மற்றதையும் சொல்லாமலிருக்க மனம் கேட்கவில்லை. போன மாத ஆரம்பத்தில் ஒருநாள், போலீஸ் யாரும் துரத்தாதபோது, அத்தை தானாகவே வேனைக் குன்றின் மேலே ஏற்றினாள். பாதி மேட்டில் நிறுத்தினாள். நிறுத்தியவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா," என்றாள். "பின்னால போகல."

எனக்குப் புரிந்துவிட்டது. முப்பது வருடத்துக்கு முன்னால் அவள் லைசென்ஸ் சோதனைக்கு எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். சோதிக்க வேண்டியவர் அன்று விடுப்பு, என்னையே எடுக்கச் சொல்லிவிட்டார்கள். எல்லாம் நன்றாகத்தான் செய்தாள். மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி ஒரு சாண் பின்னால் போனது. தேர்ச்சி இல்லை என்று எழுதினேன். அன்று இருவரும் ஒரே பஸ்ஸில் வீடு திரும்பினோம், அவள் முன்னால் உட்கார்ந்தாள், நான் பின்னால். அதற்குப் பிறகு அவள் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை, அந்தப் பேச்சையும் எடுக்கவில்லை. அவள் எங்கே போக வேண்டுமென்றாலும் நானே கூட்டிப் போனேன், அதோடு கணக்குத் தீர்ந்தது என்று இருந்துவிட்டேன்.

"ஒரு சாண்தான் போச்சு," என்றேன்.

"தெரியும்."

"வேற யாரா இருந்தாலும் விட்டிருப்பேன். ஒரு முழம் போனவங்களயே விட்டிருக்கேன். அன்னிக்கு மேலதிகாரி ஜன்னல்ல நின்னு பாத்துட்டிருந்தாரு. பொண்டாட்டிக்குச் சலுகை காட்டிட்டான்னு சொல்லிடுவாங்களோன்னு பயந்துட்டேன்."

திரையில் பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அவள் நகரவில்லை.

"எனக்கு வண்டி ஓட்டற லாயக்கு இல்லன்னு நான் முப்பது வருஷமா நெனச்சிட்டிருக்கேன்," என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மளிகைச் சாமான் விலை சொல்கிற மாதிரி சொன்னாள். "பயந்துட்டேன்னு அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல நீங்க."

மறுநாள் காலை அலுவலகம் திறக்கும் முன்பே போய் நின்று விண்ணப்பம் வாங்கி வந்து அவள் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துப் பார்த்தாள், பேனா கேட்டாள். ஓட்டுநர் பள்ளியில் சொல்லிக்கொடுத்தது என் மகள் வயதுப் பெண். மூன்றாம் நாளே என்னிடம், "அம்மா சூப்பரா ஓட்றாங்க சார், நடைபாதைல ஏற வேணாம்னு மட்டும் நீங்க கொஞ்சம் சொல்லுங்க" என்றது. நான் சொல்லவில்லை. எனக்கு அந்தத் தகுதி இல்லை.

போன வியாழக்கிழமை சோதனை. கணவர்களும் அப்பாக்களும் உட்காருகிற சிமென்ட் பெஞ்சில் நானும் உட்கார்ந்தேன். அத்தனை வருடமும் அந்தப் பெஞ்சை உள்ளேயிருந்து பார்த்திருக்கிறேன், அது இவ்வளவு சூடாக இருக்கும் என்று தெரியாது. வண்டி மேட்டில் ஏறி நின்றது. என் வலது கால் தரையை அழுத்தியது. மாப்பிள்ளை, அதற்கு மேல் பார்க்கத் தைரியம் இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது வண்டி மேலே போய்ச் சேர்ந்திருந்தது. என் நாற்காலியில் இப்போது இருக்கிற இன்ஸ்பெக்டர் இறங்கி வந்து, "தேர்ச்சி சார். கண்ணாடி பாக்கறதுல மட்டும் நூத்துக்கு நூறு. யாரோ துரத்தற மாதிரியே பாத்தாங்க" என்றார். பயிற்சி வண்டியிலேயே அத்தைதான் என்னையும் சொல்லிக்கொடுத்த பெண்ணையும் வைத்து வீடுவரை ஓட்டி வந்தாள். முன் சீட்டில் நான் உட்காரக் கூடாது என்று கண்டிப்பு, காலால் அழுத்துகிறேனாம். பின்னால் உட்கார்ந்து அவள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நரை நிறைய. ஒரு சந்து விடாமல் சுற்றிச் சுற்றி வந்தாள், பத்து நிமிஷ தூரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று.

ஆகவே உங்கள் பெட்டியை நான் தொட்டது தவறு, உங்கள் கார்களைத் தொலைத்தது பெரிய தவறு, ஆனால் தொடாமலே இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கவும் பயமாக இருக்கிறது. பெரிய மனது பண்ணி மன்னித்துவிடுங்கள். நீங்களும் என் மகளும் போகிற வழியெல்லாம் பச்சை விளக்கு எரிய, நீண்ட காலம் ஒன்றாகப் பயணம் செய்ய மனமார வாழ்த்துகிறேன். அத்தை கேட்டதாகச் சொல்லச் சொன்னாள், கை வேலையாக இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்காகக் கலக்கத்துடன் காத்திருக்கும்
மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் மகள் போன் செய்தாள். மனது பொறுக்காமல் எல்லாவற்றையும் உளறிவிட்டேன். முழுக்கக் கேட்டாள். பிறகு, "அப்பா, அந்தப் புயல் நான்தான்" என்றாள். "அவருக்கு அந்தப் பெட்டிய ஆன் பண்ணக்கூடத் தெரியாதுப்பா. பக்கத்துல உக்காந்து, மெதுவாப் போ, மெதுவாப் போன்னு சொல்லிட்டே இருப்பாரு." அப்படியென்றால் ஏன் உன்னுடையது என்று சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்ககிட்டயா," என்றாள். பிறகு போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள். இருவரும் முக்கால் மணி நேரமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், தீயணைப்பு வண்டியை எந்த வாசல் வழியாகக் கடத்துவது என்று அத்தை பென்சிலால் குறித்துக்கொள்கிறாள். ஆகவே மேலே கேட்ட மன்னிப்புகள் எல்லாவற்றையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், உங்களைப் பற்றி நினைத்ததையும் சேர்த்து. இந்தக் குடும்பத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்து நிற்கிறவர்கள் நீங்களும் நானும் மட்டும்தான். அடிக்கடி எழுதுங்கள் மாப்பிள்ளை, நமக்கு நாம்தான் துணை.