வாத்தின் அலகும் வளர்ச்சித் திட்டமும்

ஓர் இடத்துக்குப் போவது பெரிய விஷயமே அல்ல. ஆடு மாடுகள்கூடத் தினமும் போய்விட்டு வருகின்றன. போவதைப் பற்றிக் கூட்டம் போட்டுப் பேசுவதுதான் மனித குலம் கண்ட மகத்தான முன்னேற்றம். அந்த முன்னேற்றத்தின் உச்சியில் கொடி நட்டவர் பெரியப்பா. குடிநீர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பதவியில் இருந்தவரை உடைந்த குழாய் எதுவும் அவசரப்பட்டுச் சரிசெய்யப்பட்டதில்லை என்று அங்கே இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

விவகாரத்தைத் தொடங்கியது அவருடைய தம்பி மகள். வீட்டில் எல்லாருக்கும் அவள் பொடிசு.

"பெரியப்பா, தீம் பார்க் போலாமா? வாத்து ரயில்ல ஏறணும்."

வாத்து ரயில் சின்னப் பிள்ளைகளுக்கானது. அதன் வாசலில் ஒரு மர வாத்து நிற்கும். அதன் அலகு தலையில் இடிக்காமல் அடியில் நுழைகிற பிள்ளைக்குத்தான் ரயிலில் இடம். பொடிசின் அப்பா பூங்காவுக்குப் போன் போட்டு உயரம் கேட்டு, சமையலறை வாசல்நிலையில் அதே உயரத்தில் ஒரு காகித வாத்தை ஒட்டியிருந்தார். பொடிசு அதன் கீழே நிமிர்ந்து நின்றால் தலைக்கு மேல் ஒரு சாண் மிச்சமிருந்தது.

பெரியப்பா உருகிப்போனார். நிஜமாகவே உருகினார். அவருக்கு அந்தக் குழந்தை என்றால் உயிர்.

"உன்னை அதுல ஏத்தாம விடுவேனாடி தங்கம்? நானே வாசல் வரைக்கும் வந்து ஏத்திவிடுறேன்."

அத்தோடு நிறுத்தியிருந்தால் அவர் சாதாரண மனிதர் ஆகியிருப்பார். அன்று மாலையே கூடத்தில் முதல் கூட்டம் கூடியது. பயணத்துக்குக் ‘குடும்ப மகிழ்ச்சி வளர்ச்சித் திட்டம்’ என்று பெயர் வைக்கப்பட்டது. "சிறியவர் முதல் பெரியவர் வரை ஒருவரும் விடுபடக் கூடாது" என்று தீர்மானம் நிறைவேறியது. எல்லாரும் கைதட்டினார்கள். பொடிசு கட்டில்மேல் ஏறி நின்று தட்டினாள்.

அப்போதுதான் அத்தை, அதாவது பெரியப்பாவின் தங்கை, தன் முழங்காலைச் சபையின் முன் வைத்தாள்.

"அண்ணே, எனக்கு நின்னா உக்கார முடியாது, உக்காந்தா எந்திரிக்க முடியாது. என்னை விட்டுட்டுப் போயிட்டு வாங்க."

"விட்டுட்டா? தீர்மானம் என்னாகுறது?"

உடனே ‘முழங்கால் துணைக்குழு’ அமைக்கப்பட்டது. தலைவர், அத்தையின் வீட்டுக்காரரான இன்சூரன்ஸ் மாமா. அவர் எதையும் மேலோட்டமாகப் பார்க்கிறவர் அல்லர்.

"மச்சான், வலது முழங்கால் ஒரு ரிஸ்க். இடது முழங்கால் தனி ரிஸ்க். ரெண்டையும் சேர்த்துப் பார்க்கக் கூடாது."

"சபாஷ்! தனித்தனியாவே பாருங்க."

பொடிசின் அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அண்ணே, ஒரு ஞாயித்துக்கிழமை நாங்க மூணு பேரு மட்டும் சட்டுனு போயிட்டு..."

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றினார். "தனிக்குடித்தனம் கேள்விப்பட்டிருக்கேன். தனி ரயிலா?"

தம்பி போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார்.

அடுத்த கூட்டத்துக்கு மாமா வரவில்லை. அதற்கடுத்த கூட்டத்துக்கு மாமா வந்தார், முழங்கால் வரவில்லை.

"போதிய உறுப்பினர்கள் வரவில்லை, கோரம் இல்லை. கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது" என்றார் பெரியப்பா.

"கோரம்னா என்னம்மா?" என்று கேட்டாள் பொடிசு.

"இப்ப நடக்குதே, இதான்டி" என்றாள் அவள் அம்மா.

பிறகு ஒத்திகைகள் தொடங்கின. வரிசையில் நிற்கும் ஒத்திகையில் குளியலறை வாசலில் குடும்பமே நின்றது. உள்ளே போகவேண்டிய அவசரத்தில் இருந்தவர்கூட முறைப்படிதான் போனார். தலைசுற்றல் ஒத்திகைக்குப் பெரியப்பாவின் சுழல் நாற்காலி நடுக்கூடத்துக்கு வந்தது. முதலில் அவரே அமர்ந்தார். மாமா வஞ்சனையில்லாமல் சுற்றிவிட்டார். இறங்கிய பெரியப்பா நேராக ஃபிரிட்ஜிடம் போய், "தலைவர் அவர்களே" என்று பேச ஆரம்பித்துவிட்டார். ஃபிரிட்ஜ் குறுக்கே பேசாததால் அந்த உரை சிறப்பாக அமைந்தது.

இதற்கிடையே சமையலறை நிலையில், கோரமே இல்லாமல் ஒரு காரியம் நடந்துகொண்டிருந்தது. வருஷம் மாற மாற, ஒரு சாண் இடைவெளி நாலு விரலாகி, நாலு விரல் ரெண்டு விரலாகியிருந்தது. பொடிசு பாலைத் தொட மறுத்தாள்.

"குடிச்சா வளந்துருவேன்."

தலைமுடியில் எண்ணெயை அப்பிப் படியவைத்துக்கொண்டாள். நடக்கும்போதும் நிற்கும்போதும் முழங்காலை லேசாக மடக்கியே வைத்திருந்தாள்.

"நிமிந்து நில்லேன்டி!"

"பார்க் போற வரைக்கும் நிமிர மாட்டேன்."

தினமும் பெரியப்பாவிடம் போய், "எப்ப போறோம்?" என்பாள். அவர் அவள் கன்னத்தைத் தடவி, "பரிசீலனையில இருக்கு கண்ணு" என்பார். அந்தக் குரலில் அத்தனை பாசம் இருக்கும்.

கடைசியில் துணைக்குழு தன் முடிவை அறிவித்தது: முழங்கால்கள் இரண்டும் அத்தையுடையவையே, அவை அத்தையோடு வரலாம். வாடகைக்குச் சக்கர நாற்காலி எடுத்து, எல்லாரும் ஒரே நிறத் தொப்பி போட்டு, விசிலடித்தபடி பெரியப்பா முன்னால் போக, குடும்பம் பூங்காவுக்குள் நுழைந்தது.

நுழைந்ததும் அத்தை பெரிய ராட்டினத்தைப் பார்த்தாள். "அம்மாடி, எம்மாம் பெருசு!" என்று சக்கர நாற்காலியிலிருந்து குதித்து இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடியே போய்விட்டாள். துணைக்குழுத் தலைவர் பின்னாலேயே ஓடினார்.

பெரியப்பா பொடிசின் கையைப் பிடித்துக்கொண்டு வாத்திடம் வந்தார். வாசலில் நின்ற பெண், "நிமிந்து நில்லு பாப்பா" என்றாள். பொடிசு அம்மாவைப் பார்த்தாள், பெரியப்பாவைப் பார்த்தாள், மெல்ல நிமிர்ந்தாள். அலகு அவள் நெற்றியில் இடித்தது.

"வளந்துட்டாளே சார். ஏத்த முடியாது."

"என்னம்மா பேசுறே? எத்தனை கூட்டம் போட்டு முறைப்படி வந்திருக்கோம் தெரியுமா?"

"அது வாத்துக்குத் தெரியாதே சார்."

பெரிய ராட்டினத்தின் வாசலில் ஒரு மர ஒட்டகச்சிவிங்கி நின்றது. அதன் கழுத்துக்கு வந்தால்தான் அங்கே ஏறலாம். பொடிசு அதன் வயிற்றுக்குத்தான் வந்தாள்.

இருவரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எதிரே வாத்து ரயில் மணியடித்துக்கொண்டு போனது. மேலே எங்கோ அத்தை, "இன்னொரு ரவுண்டு!" என்று கத்தினாள். பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டதில் தொப்பி கண்வரை சரிந்தது. ஆனாலும் கண்காணிப்பாளர் அல்லவா, சமாளித்துக்கொண்டார்.

"அழாதே கண்ணு. நம்மது வளர்ச்சித் திட்டம். நீ வளந்திருக்கே பாரு! திட்டம் ‘வெற்றி’தானே?"

பொடிசு அவர் தொப்பியைச் சரிசெய்துவிட்டாள். அவள் அழவில்லை.

"நான் வளரக் கூடாதுன்னு முழங்காலை மடக்கி மடக்கி நின்னேன் பெரியப்பா. அது என் பேச்சைக் கேக்கல. அத்தை முழங்காலுக்குக் குழு போட்டீங்கல்ல, என்னோடதுக்கும் ஒண்ணு போட்டிருந்தா அதுவும் வளராம அங்கேயே நின்னிருக்கும்!"