நன்றி சொல்லப் போன பதினோரு பேர்

உதவி செய்கிறேன் என்று கிளம்புகிற அப்பாக்களிடம் பிள்ளைகள் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. இதை நான் சொல்லக் கூடாது; நானும் ஓர் அப்பாதான். ஆனாலும் பிள்ளைகளே, ஒரு ஆஸ்பத்திரி முழுவதையும் ஒரே சாயங்காலத்தில் ஓட வைத்த ஆள் நான். அதை உங்களிடம் மறைக்க மனசு வரவில்லை.

என் பெயர் குருசாமி. எட்டாம் வகுப்பு வரை படித்தேன். (ஒன்பதில் ஒரு மாதம் உட்கார்ந்தேன். அதைப் படிப்பில் சேர்ப்பதா வேண்டாமா என்று வீட்டில் இன்னும் தகராறு.) தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் வேலை. அப்போது நான் இருந்தது அலுமினியப் பொடி புழங்குகிற அறை. வேலை முடிந்து வெளியே வந்தால் தலைமுடி, புருவம், காது மடல், சட்டை எல்லாம் சாம்பலும் வெள்ளியுமாக மின்னும். தெரியாதவர்கள் பார்த்தால் பயப்படுவார்கள். எங்களுக்கு அது பழக்கம்.

என் மகள் மாரீஸ்வரி நர்ஸ் படிப்பை முடித்து, சிவகாசியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். தீக்காய வார்டில் போட்டார்கள். தீபாவளி சீசன் நேரம். முதல் மாதம் வீட்டுக்கு வந்ததும் வார்டுக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டாம் மாதம் கதை நின்றது. பிறகு சிரிப்பு நின்றது. சோற்றைப் பிசைவாள், பிசைவாள், பிசைந்துகொண்டே இருப்பாள்.

ஒரு நாள் என் மனைவி என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள்.

"ஏங்க, அவ பையில ஒரு லெட்டர் இருக்கு. வேலைய விடுறேன்னு எழுதிருக்கா. திங்கக்கெழம குடுக்கப் போறாளாம்."

"ஏன்னு கேட்டியா?"

"கேட்டேன். 'என்னால முடியலம்மா'ங்கா. அதுக்கு மேல வாயத் தொறக்கல."

நர்ஸாக வேண்டும் என்று ஆறாம் வகுப்பிலிருந்து ஆசைப்பட்டவள் அவள். தெருவில் இருந்த ஆடு மாட்டுக்கெல்லாம் கட்டுப் போட்டவள். திங்கட்கிழமைக்கு இன்னும் அஞ்சு நாள்தான் இருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்தக் கூட்டம் ஞாபகம் வந்தது. படிப்பு முடிகிற சமயம் காலேஜில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு டீச்சரம்மா 'நேர்மறை உளவியல்' என்று ஒன்றைப் பற்றிப் பேசினார். புதிதாக வேலைக்குப் போகிற நர்ஸ்கள் முதல் வருஷம் ரொம்பத் திணறுவார்களாம். புத்தகத்தில் படிப்பது ஒன்று, வார்டில் கண்ணால் பார்ப்பது வேறு. மனசு உடைந்த பிறகு ஒட்டுவதற்குப் பதிலாக, உடையாமல் தெம்பாக வைத்திருக்க என்ன வழி என்று பார்க்கிற படிப்பாம் அது. நான் ஒரு துண்டுத் தாளில் இரண்டு வழிகளைக் குறித்துக்கொண்டேன். ஒன்று, அன்றாடம் நடந்த மூன்று நல்ல விஷயங்களை நினைத்துப் பார்ப்பது. இரண்டு, உதவி பெற்றவர்கள் நேரில் வந்து நன்றி சொல்வது. மூன்றாவதாகவும் ஒன்று சொன்னார். அதற்குள் டீ வந்துவிட்டது. (மூன்றாவது, 'பிள்ளைகள் மனசு திறந்தால் குறுக்கே பேசாமல் கேளுங்கள்' என்பதாம். பக்கத்தில் இருந்தவர் ரொம்ப நாள் கழித்துச் சொன்னார்.)

அன்று ராத்திரியே முதல் வைத்தியத்தை ஆரம்பித்தேன்.

"தாயி, இன்னிக்கு நடந்த மூணு நல்லது சொல்லு பாப்போம்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஒண்ணு, பஸ் வந்துச்சு. ரெண்டு, பஸ்ல எடம் கெடச்சுச்சு. மூணு, எறங்கிட்டேன்."

"அருமை! நாளைக்கும் சொல்லணும்."

மறுநாளும் அதே பஸ்தான். எடம் மட்டும் கிடைக்கவில்லையாம். அதனால் இரண்டுதான் தேறியது.

சரி, இரண்டாவது வைத்தியம். என் மகளுக்கு நன்றி சொல்ல எங்கள் கம்பெனியிலேயே ஆள் இருந்தது. காளியம்மா எனக்கு அண்ணி முறை, மதினி என்றுதான் கூப்பிடுவேன்; அவருக்குச் சர்க்கரை வியாதி. காலில் புண் வந்து ஆறவே இல்லை. மாரீஸ்வரிதான் லீவு நாளிலெல்லாம் போய்க் கழுவிக் கட்டுப் போட்டு ஆற்றினாள். மற்றவர்களுக்கும் பிரஷர் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். மத்தியானச் சாப்பாட்டின்போது விஷயத்தைச் சொன்னேன்.

"புள்ள சொணங்கிப் போயி இருக்கா. நாம போயி ரெண்டு வார்த்த நல்லதாச் சொன்னா தெம்பாயிருவா."

"இதுக்கு எதுக்குக் கெஞ்சுறீக? நாளைக்கே போவோம்" என்றார் மதினி.

சனிக்கிழமை சாயங்காலம், அட்டைப்பெட்டி ஏற்றக் கம்பெனி வேன் சிவகாசிக்குப் போனது. டிரைவர் சுப்புராஜ் கறார் ஆள். "இப்பமே ஏறுனா ஏறுங்க. குளிச்சுப் பவுடர் போட்டு வர்ற வரைக்கும் நான் நிக்க மாட்டேன்." கை முகத்தை மட்டும் அரைகுறையாகக் கழுவிக்கொண்டு பதினோரு பேர் வேனில் ஏறினோம். மதினி கையில் நன்றிப் பரிசாக ஒரு பொட்டலம் சாத்தூர் காராச்சேவு.

இனி நடந்ததைப் பிள்ளைகளே, நீங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்று பார்க்கிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

முகப்பில் சிவப்பு எழுத்தில் 'வெடிபொருள்' என்று போட்ட வேன் ஒன்று வேகமாக வருகிறது. வழியில் ஒரு ஆட்டோ நிற்பதால் டிரைவர் விடாமல் ஹாரன் அடிக்கிறார். அவசரப் பிரிவு வாசலில் வேன் நிற்கிறது. பின்கதவு திறக்கிறது. உள்ளேயிருந்து சாம்பல் நிறத்தில் மனிதர்கள் இறங்குகிறார்கள். ஒரு பெண்ணை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து இறக்குகிறார்கள் (மதினிக்கு உயரமான வண்டியில் ஏறவும் இறங்கவும் வராது). ஒருவன் உள்ளேயே சுருண்டு கிடக்கிறான் (கருப்பசாமிக்கு வேன் சேராது, மூன்று முறை வாந்தி).

வாட்ச்மேன் ஓடி வந்தார்.

"எந்த ஊரு கம்பெனி?"

"தாயில்பட்டிங்க" என்றேன், சிரித்த முகமாக.

"எம்புட்டுப் பேரு?"

"பதினோரு பேருங்க. இன்னும் நாலு பேரு இருக்காக. வண்டியில எடம் பத்தல, அங்கனயே விட்டுட்டு வந்துட்டோம்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. (நாலு பேர் வர முடியாததற்கு இப்படி வருத்தப்படுகிறாரே, எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.) அடுத்த நொடி ஒரு மணி அடித்தது பாருங்கள்! ஸ்ட்ரெச்சர்கள் உருண்டன. டாக்டர்கள் ஓடி வந்தார்கள். என்னை ஒருவர் தூக்கிப் படுக்க வைத்தார்.

"எனக்கு ஒண்ணுமில்லங்க!"

"எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்லுவாக. அசையாம படுங்க."

பக்கத்தில் ஒரு சின்னப் பெண் நர்ஸ் பதறிக்கொண்டிருந்தாள். "டாக்டர், இந்தம்மா கைய இறுக்கி மூடியே வச்சிருக்காக, தொறக்க மாட்டேங்காக!" எப்படித் திறப்பார்? சேவு கொட்டிவிடுமே.

அப்போது மாரீஸ்வரி ஓடி வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். ஒரு நொடி அப்படியே நின்றாள். அந்த முகத்தை எழுத எனக்குப் படிப்பு போதாது. பிறகு கையுறை மாட்டினாள், கத்திரியை எடுத்தாள், என் சட்டையைக் கீழிருந்து கழுத்து வரை ஒரே ஓட்டமாக வெட்டினாள்.

"பேரு சொல்லுங்க."

"ஏத்தா, நாந்தான்..."

"பேரு சொல்லுங்க!"

"கு... குருசாமி."

"எங்க வலிக்குது?"

"எங்கயும் வலிக்கல தாயி. நன்றி சொல்ல வந்தோம்."

"மூச்சு விடச் செரமமா இருக்கா?"

"இல்லத்தா. சேவு வாங்கியாந்திருக்கோம்."

அவள் திரும்பிக் கத்தினாள்: "சிஸ்டர், இவுக சம்பந்தமில்லாமப் பேசுறாக! தலையில அடி இருக்கான்னு பாக்கணும்!"

ஈரப் பஞ்சால் என் நெஞ்சைத் துடைத்தாள். பொடி போனது. அடியில் என் பழைய கறுப்புத் தோல் பத்திரமாக இருந்தது. கையைத் துடைத்தாள். அதுவும் பத்திரம். அவள் கை நின்றது. ஒவ்வொரு ஸ்ட்ரெச்சராகச் சத்தம் அடங்கியது.

தலைமை நர்ஸம்மா நடுவில் வந்து நின்றார். "இந்தக் கூட்டத்தக் கூட்டியாந்தது யாரு?"

பத்துப் பேரும் என்னைக் கை காட்டினார்கள். சுருண்டு கிடந்த கருப்பசாமி கூட எழுந்து உட்கார்ந்து காட்டினான்.

"நெசமாவே அடிபட்டு ஒருத்தர் இப்ப வந்திருந்தா என்னய்யா பண்ணிருப்போம்?" என்று அவர் கேட்டார். நல்ல வேளை, அப்போது யாரும் வரவில்லை. அரை வயிறு தெரிய, கிழிந்த சட்டையோடு கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

மாரீஸ்வரி சுவரோரம் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். தலைமை நர்ஸம்மா ஒரு முறை முறைத்தார். மூடிக்கொண்டேன். அதனால்தான் அவள் பேசினாள்.

"ஒவ்வொரு வண்டி வரும்போதும் நான் காயத்தப் பாக்கலப்பா, மொகத்தப் பாக்கேன். நீங்களான்னு. நீங்க இல்லன்னு தெரிஞ்சதும் மனசுக்குள்ள ஒரு நிம்மதி வருது பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல. அங்கன கெடக்குறது வேற யாரோ ஒருத்தியோட அப்பாதானப்பா?"

அந்தச் சின்னப் பெண் நர்ஸ் மெதுவாகச் சொன்னாள்: "எனக்கும் அப்படித்தான்க்கா. எங்கம்மாவும் பட்டாசுக்குத்தான் போறாக. யார்ட்ட சொல்றதுன்னு தெரியல."

மாரீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இன்னிக்கு நெசமாவே வந்து படுத்துட்டீக. அதுவும் சேவோட!" என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாள் சிரிப்பு மொத்தமாக வந்தது. மதினி அப்போதுதான் கையைத் திறந்து பொட்டலத்தைப் பிரித்தார். தலைமை நர்ஸம்மாவும் ஒரு பிடி எடுத்துக்கொண்டார். "அப்பாவப் பாத்த பெறகும் ஒனக்குக் கை நிக்கலையே புள்ள" என்று மட்டும் அவளிடம் சொன்னார்.

திங்கட்கிழமை அவள் அந்த லெட்டரைக் கொடுக்கவில்லை. கிழித்தும் போடவில்லை, ஆறு மாதம் பையிலேயே கிடந்து மடிப்பு மடிப்பாகக் கிழிந்து போனது. அந்த வார்டில் இப்போது டூட்டி முடிந்ததும் நர்ஸ்கள் கால் மணி நேரம் உட்கார்ந்து மனசில் உள்ளதைப் பேசிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்கள். நான் பொடி அறையை விட்டுப் பெட்டி ஒட்டுகிற செக்சனுக்கு மாறிவிட்டேன். மூன்று நல்லது கேட்பதையும் நிறுத்திவிட்டேன். அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

மாரீஸ்வரி இப்போது சீனியர். வருஷா வருஷம் புதிதாக வருகிற நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். காயம்பட்டவர் சட்டையை இழுக்காமல் வெட்டி எடுப்பது எப்படி என்று காட்ட ஆள் வேண்டுமே? அதற்கு என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். போய்ப் படுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு பிள்ளையாக வந்து என் பெயரைக் கேட்கிறது, சொல்கிறேன். ஒரு தடவை போய் வந்தால் ஏழெட்டுச் சட்டை காலி.

போன தீபாவளிக்கு எனக்குத் துணி எடுக்கக் குடும்பத்தோடு கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு சட்டையைக் காட்டி, "இது நல்லா உழைக்கும்மா, பத்து வருசத்துக்குக் கிழியாது" என்றார். என் மனைவி அதை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"அது வேண்டாம்யா. பாவம், புதுசா வர்ற புள்ளைக கை வலிக்கும். சுளுவா வெட்டுப்படுற மாதிரி ஒண்ணு எடுத்துப் போடுங்க."