மேட்ரம்மா போட்ட மெயின் சுவிட்ச்

அன்று கொட்டகையில் இருந்தவர்கள்: மேட்ரம்மா. செக்ரெட்டரி. பழைய இரும்பு எடுக்கும் கபாடிக்காரர். நான். அப்புறம் ட்ராக்டர்.

டெல்லியில் மேட்ரம்மாவுக்குக் கீழ்ப்படியாத உயிர் இதுவரை பிறக்கவில்லை. ட்ராக்டருக்கு உயிர் கிடையாதே என்று நீங்கள் கேட்கலாம். அவரிடம் கேட்டுவிடாதீர்கள்.

எங்கள் முதியோர் இல்லம் நஜஃப்கட் தாண்டி இருக்கிறது. தமிழ் ஆட்கள் சேர்ந்து நடத்துவது. இல்லத்து போர்வெல்லில் உப்புத் தண்ணீர். அரை மைல் தள்ளி ஒரு வயலில் நல்ல தண்ணீர். அங்கிருந்து தினம் இரண்டு நடை டேங்கரை இழுத்து வருவது ட்ராக்டர். ஓட்டுவது நான். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. ட்ராக்டர் எனக்கு மூத்தது. சீமையில் செய்தது.

மேட்ரம்மா பெரிய ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வருஷம் நர்ஸாகவும் மேட்ரனாகவும் வேலை பார்த்தவர். ரிட்டயர் ஆனதும் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, சும்மா இருக்கப் போகிறேன் என்று இங்கே வந்தார். சும்மா இருந்தது ஒரு பொழுது. மறுநாள் காலை ஆறு மணிக்கு எல்லோர் நகத்தையும் பார்த்தார். சமையற்காரர் நகத்தையும் பார்த்தார். மேட்ரம்மாவின் சொந்தப் பெயர் என்ன என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்கத் தோன்றவில்லை.

முப்பத்தைந்து வருஷத்தில் அவர் படித்த இந்தி மூன்றே மூன்று. லேட் ஜாவ், உட்டோ, மூ கோலோ. படு, எழுந்திரு, வாயைத் திற. இதை வைத்தே காய்கறி வாங்கினார், பஸ் ஏறினார். ஒரு தடவை பஸ் கண்டக்டரோடு சண்டை போட்டு ஜெயித்தும் வந்தார்.

அவர் ஊர் நாசரேத் பக்கம். என் ஊர் அங்கிருந்து பஸ்ஸில் அரை மணி. அதனால் இல்லத்தில் எனக்கு மட்டும் 'ஏலே' உண்டு.

வந்த வாரமே ட்ராக்டரைப் பார்த்தார். புறங்கையை ரேடியேட்டரில் வைத்தார்.

"ஏலே செல்லத்துரை, இதுக்குக் காய்ச்ச அடிக்கில்லா?"

"ஓட்டிட்டு வந்திருக்கேன்மா. சூடாத்தான் இருக்கும்."

"சார்ட் எங்க?"

சார்ட் இல்லை. மறுநாள் ஸ்டீயரிங்கில் ஒரு அட்டை தொங்கியது. வயது: தெரியாது. கம்ப்ளெயின்ட்: காலையில் இருமல். டயட்: டீசல். மேலே போர்த்தும் தார்ப்பாயை ஆஸ்பத்திரிக் கட்டில் விரிப்பு போல நாலு மூலையும் மடித்துச் செருக வேண்டும் என்றார். மடிப்பு சரியில்லை என்றால் உருவிப் போட்டுவிடுவார். நான் திரும்ப மடிப்பேன். வாதம் பண்ணுகிற ஆள் இல்லை நான்.

போன மாரிக்காலம் போய் வெயில் வந்த சமயம். நிறுத்தியிருந்த வண்டியில் புகை வந்தது. சாவி போடவில்லை, யாரும் தொடவில்லை. பழைய வயர் ஒன்று இரும்பில் உரசி உரசித் தோல் போய்விட்டது. பேட்டரி வயரைக் கையாலேயே பிடுங்கினேன். உள்ளங்கை வெந்தது. கொட்டகைக்கு அடுத்த சுவர் நடக்க முடியாதவர்கள் படுத்திருக்கும் வார்டு.

இல்லத்து செக்ரெட்டரி வந்து பார்த்தார். டெல்லி கோல் மார்க்கெட்டில் பிறந்து வளர்ந்தவர். சர்க்காரில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். கெட்டவர் இல்லை. பயந்தவர்.

"தேக்கியே, இங்க பாருங்க மேட்ரன், ரிஸ்க் எடுக்க முடியாது. செவ்வாய்க்கிழமை கபாடிவாலா வருவான். தண்ணிக்கு பிரைவேட் டேங்கர் சொல்லிக்கலாம்."

"வண்டி ஓட்டுற இவன்?"

செக்ரெட்டரி என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். எனக்குப் புரிந்தது. வண்டி போனால் நானும் போக வேண்டும். இந்த வயதில் டெல்லியில் யார் புதிதாக வேலை கொடுப்பார்கள்.

மேட்ரம்மா என் கைக்கு மருந்து போட்டுக்கொண்டே சொன்னார். "பேஷண்டுக்குக் காய்ச்ச வந்தா நேரா கல்லறைக்கா அனுப்புவிய? வீட்டுக்கு மெயின் சுவிட்ச் இருக்கில்லா. இதுக்கும் ஒண்ணு போடுவோம். செவ்வாக்கிழம நீங்களே வந்து பாருங்க. வண்டி ஓடணும். சுவிட்ச அணச்சா ஒரு பொறி வரக்கூடாது. வந்தா தூக்கிட்டுப் போவட்டும்."

"அச்சா" என்றார் செக்ரெட்டரி.

வெந்த வயரை மாற்றிவிட்டு, காஷ்மீரி கேட் பார்ட்ஸ் கடைக்குப் போய் சுவிட்ச் வாங்கி வந்தேன். உள்ளங்கை அளவு. நடுவில் சிவப்புச் சாவி. சாவியைத் திருப்பினால் பேட்டரிக்கும் வண்டிக்கும் உறவு உண்டு. உருவினால் உறவு இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை மேட்ரம்மா பச்சைத் துணி விரித்தார். ஸ்பேனர், நட்டு, வாஷர், ஸ்குரூ டிரைவர், எல்லாவற்றையும் வரிசையாக வைத்து எண்ணி அட்டையில் எழுதினார். பத்தொன்பது. என்னை இரண்டு தரம் கை கழுவச் சொன்னார். கிரீஸில் கை வைக்கப் போகிறவன் எதற்குக் கழுவ வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கழுவினேன்.

செக்ரெட்டரி நாற்காலியில் உட்கார்ந்தார். கபாடிக்காரர் வேப்ப மரத்தடியில் தராசை வைத்துவிட்டு, ட்ராக்டர் எத்தனை கிலோ தேறும் என்று பார்வையாலேயே நிறுத்தார்.

பேட்டரியிலிருந்து வண்டியின் இரும்பு உடம்புக்குப் போகும் வயரில்தான் சுவிட்ச் போட வேண்டும். எல்லா வண்டியிலும் அது மைனஸ். நான் மைனஸில் ஸ்பேனரை வைத்தேன். ஸ்பேனரின் பின்முனை மட்கார்டில் பட்டது. படார் என்று ஒரு பொறி.

செக்ரெட்டரி எழுந்தார். கபாடிக்காரரும் எழுந்தார்.

"ரெண்டு பேரும் உக்காருங்க" என்றார் மேட்ரம்மா. கபாடிக்காரரைப் பார்த்து, "லேட் ஜாவ்." அவர் படுக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தார்.

பிறகு மேட்ரம்மா, மருந்துக்கு லேபிள் இருக்கிற மாதிரி இதற்கும் இருக்கும் என்று, டேஷ்போர்டில் மேடாகத் தெரிந்த இடத்தில் பிளேடால் பெயின்டைச் சுரண்டினார். அடியில் சின்னத் தகடு ஒன்று, இங்கிலீஷ் எழுத்து. எனக்குப் படிக்க வராது. அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"ஏலே, இந்த வண்டிக்கு பிளஸ்தான் உடம்புல சேருமாம். ஊருக்கெல்லாம் ஒரு பக்கம்னா இதுக்கு மறுபக்கம். இருவது வருசமா ஓட்டுற, தெரியாதா?"

"பேட்டரியக் கழட்டி மாட்டுனது மெக்கானிக்குமா."

"பேசாத. பிளஸ்ஸப் பிடி."

பிளஸ்ஸைப் பிடித்தேன். உடம்பிலிருந்து வயரைக் கழற்றி சுவிட்சின் ஒரு காலில் மாட்டினேன். மறு காலிலிருந்து புது வயர். அது உட்காரும் இடத்தில் பெயின்ட் போக உரசி, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு முடுக்கினேன். கட்டுப் போட்ட கை. ஒரு மணி நேரம் ஆனது.

"முடிஞ்சுதா? ஜல்தி ஸ்டார்ட் பண்ணுப்பா" என்றார் செக்ரெட்டரி.

மேட்ரம்மா சிவப்புச் சாவியை எடுத்துத் தன் கைக்குள் மூடிக்கொண்டார். "எண்ணாம தையல் போட மாட்டேன்."

எண்ணினார். வண்டியில் முடுக்கியது, துணியில் இருப்பது, இரண்டும் சேர்த்துப் பதினெட்டு. ஒரு வாஷர் இல்லை.

"ஒரு வாஷர்தானே மேட்ரன். எட்டணா பெறாது."

"ஒரு பஞ்சுதானேன்னு சொல்லித்தான் டாக்டர் ஒரு மனுசன் வயித்துல விட்டுத் தச்சாரு. நான் அப்பம் கூட நின்னேன். எண்ணிக்க சரியில்லன்னு சொன்னேன். கேக்கல. நான் சின்னப் பிள்ள, அதோட விட்டுட்டேன். இப்பம் விட மாட்டேன்."

செக்ரெட்டரி இஸ்திரி போட்ட பேன்டோடு மண்டியிட்டுத் தேடினார். நான் வண்டிக்கு அடியில் படுத்துத் தேடினேன். மேட்ரம்மா கபாடிக்காரரிடம் போய் "மூ கோலோ" என்றார். அவர் பயந்து வாயைத் திறந்தார். வாயில் இல்லை. சட்டைப்பையையும் தானாகவே வெளியே இழுத்துக் காட்டினார். பையில் வாஷர் இல்லை. கயிறு கட்டிய காந்தம் இருந்தது. இரும்பா பித்தளையா என்று பார்க்க அவர்கள் வைத்திருப்பது.

மேட்ரம்மா கையை நீட்டினார். அதற்கு இந்தி தேவைப்படவில்லை.

காந்தத்தைக் கயிற்றில் தொங்கவிட்டு பேட்டரிப் பெட்டிக்குள் இறக்கினார் கபாடிக்காரர். தொழில் தெரிந்தவர். ஆட்டி ஆட்டி இறக்கினார். 'டிக்' என்றது. மேலே வந்தது வாஷர். மைனஸ் முனைக்கும் பேட்டரியைப் பிடித்திருக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் சாய்ந்து கிடந்திருக்கிறது. சிவப்புச் சாவியைத் திருப்பியிருந்தால் பாலம் போட்ட மாதிரி கரண்ட் பாய்ந்திருக்கும். புகை இல்லை, தீயே வந்திருக்கும், செக்ரெட்டரியின் கண் முன்னால்.

"பத்தொம்பது" என்று எழுதினார் மேட்ரம்மா. சாவியை என்னிடம் கொடுத்தார்.

வண்டி இரண்டு தரம் இருமி ஓடியது. பிறகு அணைத்து, சாவியை உருவி, மேட்ரம்மா செக்ரெட்டரியையே ஸ்பேனரால் மைனஸையும் மட்கார்டையும் சேர்த்து உரசிப் பார்க்கச் சொன்னார். அவர் கண்ணை மூடிக்கொண்டு உரசினார். ஒரு பொறி இல்லை.

"அச்சா, ரஹ்னே தோ" என்றார். இருக்கட்டும் என்று அர்த்தம். வண்டியும் இருந்தது. நானும் இருந்தேன். கபாடிக்காரர் ஓட்டை வாளி ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது மேட்ரம்மாவைக் கும்பிட்டார்.

அன்றிலிருந்து சிவப்புச் சாவி மேட்ரம்மா கழுத்துக் கயிற்றில். ஆஸ்பத்திரியில் மார்ஃபின் பீரோச் சாவி அப்படித்தான் இருக்குமாம். காலையில் போய்க் கேட்க வேண்டும். நோட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மாலையில் திருப்பித் தர வேண்டும். என் கையெழுத்து கோணலாக இருந்தால் திரும்பப் போட வேண்டும்.

இப்போது அவருக்கு முட்டி போய்விட்டது. கீழே ரூம் தருகிறோம் என்றார்கள். மாட்டேன் என்று மேல்மாடி ஜன்னல் ஓரம் கேட்டு வாங்கினார். அங்கிருந்து கொட்டகை தெரியும். தார்ப்பாய் மடிப்பும் தெரியும்.

அந்த மாதிரி சாவி எல்லாம் ஒரே வார்ப்பு. கடையில் கொடுத்த பொட்டலத்தில் இரண்டு இருந்தது. இன்னொன்று வாங்கிய நாளிலிருந்து என் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. அவரிடம் சொல்லவில்லை. தினமும் காலையில் மேலே ஏறிப் போய்த்தான் கேட்கிறேன்.

படி நாற்பத்து நான்கு.