வாழ்க என்று தொடங்காத சேதி

அவசரபுரி என்றொரு நாடு இருந்தது. பக்கத்துத் தெருவுக்குச் சேதி அனுப்பினாலும் அது மன்னர் துரிதவர்மரின் அரண்மனையைத் தொட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும் என்பது அந்நாட்டு வழக்கம். குடிகளின் மனம் மன்னருக்கு முதலில் தெரிய வேண்டுமாம். அத்தனை சேதிகளையும் வாங்கி உரியவருக்குத் திருப்பிவிட அரண்மனையில் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் இருந்தது. பாவம், அது ஒருநாள் மூச்சு முட்டிச் செத்தது. புதிதாக ஓர் அதிவேக ஸ்விட்சைத் தேர்ந்தெடுக்க, நன்மாறன் தலைமையில் குழு அமைத்தார்கள். நன்மாறனுக்கு விஷயம் தெரியும். முதுகெலும்புதான் கொஞ்சம் ஒத்துழைக்காது.

மூன்று கம்பெனிகள் வந்தன. எல்லார் சேதியையும் ஒரே மாதிரி கொண்டுசேர்ப்போம் என்றது முதல் கம்பெனி.

அமைச்சர் பேரொலியார் முகம் சுளித்தார். "எல்லாரும் ஒண்ணுன்னா நாங்க எதுக்கய்யா?"

ஒன்று பழுதானால் உதவ இன்னொன்றும் தருவோம் என்றது இரண்டாவது.

"மன்னருக்கே மாற்று கிடையாது. ஸ்விட்சுக்கு மாற்றா? இது ராஜத்துரோகம்" என்று அதையும் அனுப்பிவிட்டார்.

மூன்றாவது கம்பெனிக்காரர் சோதனைக்கு மன்னரின் புகழ்மாலைகளை மட்டும் ஓடவிட்டுக் காட்டினார். கண் இமைக்குமுன் போய்ச் சேர்ந்தன. அமைச்சருக்குப் புல்லரித்துவிட்டது.

"நெரிசல் வந்தா என்ன ஆகும்?" என்று நன்மாறன் கேட்டார்.

"'மாமன்னர் வாழ்க'ன்னு தொடங்குறது மட்டும் போகுங்கய்யா. மத்தது கீழ விழுந்துடும். விழுந்ததை நாங்க கணக்குல சேர்க்கிறதில்லை. அதனால இழப்பே கிடையாது."

நன்மாறன் ஒப்பந்தத்தைத் தள்ளி வைத்தார். அவர் மனைவி செங்கமலம் தலைப்பிரசவத்துக்காக, பெரிய ஏரிக்குக் கீழே தாழைக்கரையில் தாய்வீட்டில் இருந்தாள். இருந்தும் நாற்காலியை நினைத்துக் கையெழுத்துப் போட்டார்.

ஸ்விட்சின் பெருமையை உலகறிய, குடிகள் ஆளுக்கொரு வாழ்த்தைத் தினமும் எல்லாருக்கும் அனுப்ப வேண்டும் என்று சட்டம் வந்தது. நன்மாறனும் தவறாமல் அனுப்பினார். அந்த நெரிசலில் மருந்து கேட்ட வைத்தியர் சேதி கீழே விழுந்தது. விதைநெல் கேட்ட உழவர் சேதியும் விழுந்தது. "நாட்டில் ஒரு புகார்கூட இல்லை" என்று பேரொலியார் அறிவித்தார். அதற்கு ஒரு விழாவும் எடுத்தார்கள்.

அடைமழை நாளில் மன்னரின் பிறந்தநாள் வந்தது. வாழ்த்துகள் குவிந்துகொண்டிருக்க, ஏரிக் காவலர் கூத்தையன் நனைந்தபடி நன்மாறனிடம் ஓடிவந்தார்.

"காலையிலேருந்து அனுப்புறேங்கய்யா, போகவே மாட்டேங்குது. கரை தாங்காது. தாழைக்கரை சனங்களைக் கிளப்பணும்."

நன்மாறன் அந்த எச்சரிக்கையின் தலையில் 'மாமன்னர் வாழ்க' என்று சேர்த்து, ஊராருக்கும் மனைவிக்கும் தானே அனுப்பினார். மின்னல் வேகத்தில் போய்ச் சேர்ந்தது. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பொழுது சாய்வதற்குள் கரை உடைந்து, தாழைக்கரையைத் தண்ணீர் வாரிக்கொண்டு போயிற்று.

"எச்சரிக்கை உரிய வேகத்தில் சேர்ந்திருக்கிறது. ஸ்விட்ச் மீது குற்றமில்லை" என்று அன்றிரவே விசாரணையை முடித்த பேரொலியார், அதே கம்பெனியிடம் இன்னும் சில ஸ்விட்சுகள் வாங்க ஆணையிட்டார்.

விடிந்தபோது தாழைக்கரைப் பள்ளிக்கூட மொட்டைமாடியில், பச்சைக்குழந்தையை மார்போடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள் செங்கமலம். அவள் அம்மாவைக் காணவில்லை.

"நான் அனுப்பினது வரலையா?" என்று தேடி வந்த நன்மாறன் கேட்டார்.

"வந்துச்சு" என்றாள். "'மாமன்னர் வாழ்க'ன்னு இருந்துச்சு. தினமும் அதைத்தானே அனுப்புறீங்க. மேல படிக்காமலே அழிச்சிட்டேன்."