கொழுப்புப் பரிசும் உன் மாடி அறையும்

பேரன்புள்ள அக்காவுக்கு, தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கு உடலளவில் இருவரும் நலம். மனதளவில் யார் நலம், யார் நலமில்லை என்பதைக் கீழே விவரித்துள்ளேன். அங்கு நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்படி இல்லாவிட்டாலும் தயவுசெய்து இப்போது தெரிவிக்க வேண்டாம், தாங்கும் நிலையில் நான் இல்லை. இக்கடிதத்தின் நோக்கம் ஒன்றுதான். உன் வீட்டு மாடி அறையில் அத்தான் போட்டு வைத்திருக்கும் பழைய டயர்களை அப்புறப்படுத்தி, ஒரு கட்டிலும் மேசையும் போட்டுத் தர வேண்டும். நான் வேலையை விட்டுவிட்டு நிரந்தரமாக அங்கேயே வந்துவிடப் போகிறேன்.

காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் என் வேலையைச் சொல்ல வேண்டும். நூறு தடவை சொல்லியிருக்கிறேன், நூறு தடவையும் அத்தான் "கொழுப்புதானே மாப்ளே, அது உனக்கு எப்பவும் நிறைய இருக்கே" என்று சிரித்துவிட்டு எழுந்து போயிருக்கிறார். இந்த ஒரு தடவை உட்காரச் சொல். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறது, அது இரண்டு அடுக்குக் கொழுப்பு. அதில் ஒரு வகைக் கொழுப்பு எப்போதும் உள்பக்கமாகவே உட்கார்ந்திருக்கும், வெளியே தலைகாட்டவே காட்டாது. காட்டினால் அந்தச் செல்லுக்கு முடிவு நெருங்கிவிட்டது என்று அர்த்தம், பக்கத்தில் இருப்பவை வந்து விழுங்கிவிடும். அந்தக் கொழுப்பின் குணத்தை ஆராய்வதில் என் ஆயுசு போனது. அதை வெளியே தள்ளிவிடும் புரதத்தை ஆராய்வதில் உன் தம்பி பெண்டாட்டியின் ஆயுசு போனது. நான் ஊரின் இந்தக் கோடி ஆய்வகத்தில், அவள் அந்தக் கோடி ஆய்வகத்தில். சாப்பாட்டு மேசையில் மட்டும் சந்தித்து, கொழுப்பு பெரிசா, புரதம் பெரிசா என்று சண்டை போடுவோம். அது ஒரு சந்தோஷமான சண்டைதான் அக்கா, அதையும் இப்போது இழந்துவிட்டேன்.

கொழுப்பும் சவ்வும் பற்றிய ஆய்வுக்கு வருஷா வருஷம் ஒரு பெரிய பரிசு கொடுப்பார்கள். என் பெயர் ஒவ்வொரு தடவையும் போகும், போன வேகத்தில் திரும்பி வரும். அந்தப் பரிசுக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. அறிவிப்புக்கு முதல் நாள் சாயங்காலம் பரிசுக் குழுவின் செயலாளர் வீட்டுக்குப் போன் செய்து சொல்லுவார், மறுநாள் மத்தியானம் வரை யாரிடமும், கட்டின பெண்டாட்டியிடம்கூட, மூச்சு விடக்கூடாது. போன திங்கட்கிழமை சாயங்காலம் நான் பாத்திரம் கழுவாமல் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. "பேராசிரியரா?"ன்னு ஒரு பெரியவர் குரல். ஆமாம்னேன். "சவ்வின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கொழுப்பு இடம்மாறுவதைப் பற்றிய உங்கள் ஆய்வுக்கு இந்த ஆண்டுப் பரிசு, வாழ்த்துகள், நாளை மதியம் வரை ரகசியம்"னு கடகடன்னு சொல்லிட்டு வெச்சுட்டார். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. என்ன செய்யறதுன்னு தெரியாம எல்லாப் பாத்திரத்தையும் கழுவிட்டேன் அக்கா. கழுவி வெச்சதையும் எடுத்து இன்னொரு தடவை கழுவினேன். பாட்டு வேற பாடியிருக்கேன்.

அப்போ பார்த்து இவ வேலையிலேருந்து வந்தா. வாசல்லயே நின்னு ஒரு மாதிரி என்னையே பார்த்துக்கிட்டிருந்தா. எனக்கு ஒரே பாவமாப் போச்சு. இவ பேரும்தான் இந்த வருஷம் போயிருந்தது, பாவம், நாளைக்கு மத்தியானம் தெரிஞ்சா எப்படித் தாங்குவாளோன்னு உட்கார வெச்சு டீ போட்டுக் குடுத்து, "பாரும்மா, பரிசுங்கிறதெல்லாம் ஒரு அதிர்ஷ்டம், கிடைக்கலைன்னா மனசுல வெச்சுக்காதே, நீ செஞ்ச வேலை எங்கயும் போயிடாது"ன்னேன். அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நீங்களும் வெச்சுக்காதீங்க"ன்னா. பார்த்தியா, தனக்கே மனசு சரியில்லாதப்போ எனக்கு ஆறுதல் சொல்றாளேன்னு எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. ரொம்ப நாளா ஒழுகிட்டிருந்த குழாயை அன்னிக்கே சரி பண்ணிக் குடுத்தேன். இப்ப நினைச்சா அந்தக் குழாயைத் திரும்பவும் உடைச்சுடலாமான்னு இருக்கு.

மறுநாள் காலையில குளியலறையில ஷவரைத் திறந்துவிட்டு ஏற்புரையை ஒத்திகை பார்த்தேன். என்ன பேசினேன்னு கேக்காதே, அது என்னோடயே போகட்டும். குளிச்சுட்டு, போட்டோ எடுப்பாங்களேன்னு முடி வெட்டிக்கப் போனேன். முடி வெட்டுறவர் "என்ன சார், முகம் பிரகாசமா இருக்கு"ன்னு ஒரு வார்த்தை கேட்டார். அதுக்கு மேல என்னால முடியல. சத்தியம் வாங்கிக்கிட்டுத்தான் சொன்னேன். அவர் சத்தியத்தைக் காப்பாத்தின லட்சணம், நான் ஆய்வகத்து வாசலுக்குப் போறதுக்குள்ள காவலாளி எழுந்து நின்னு சல்யூட் அடிக்கிறார். அவரும் அதே கடையிலதான் முடி வெட்டிக்குவாராம், அதுக்கு நான் என்ன பண்ண? மாடிக்குப் போனா என் மாணவர்கள் ஒரு கேக்கோட நிக்கிறாங்க. ரெண்டு அடுக்கு, நடுவுல கிரீம், சவ்வு மாதிரியே செய்யச் சொல்லி வாங்கியிருக்காங்க, மேல கொட்டை எழுத்துல என் பேரு. நான் அப்பவாவது வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். "ரகசியம்ப்பா, ரகசியம்"னு அசடு வழிஞ்சுக்கிட்டு நாற்காலியில போய் நடுநாயகமா உட்கார்ந்துட்டேன்.

மத்தியானம் சுவத்துல பெரிய திரையில அறிவிப்பு வந்தது. அவ பேரு. அவ போட்டோ. அது போன வருஷம் நானும் அவளும் சேர்ந்து எடுத்துக்கிட்ட போட்டோ அக்கா, என்னை வெட்டி எடுத்துட்டாங்க, ஆனா அவ தோள் மேல ஒரு கை மட்டும் மிச்சம் இருக்கு. அது என் கை. அந்த அறையில இருந்தவங்க எல்லாரும் கேக்கையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. கடைசியில நான்தான், "எனக்கு முன்னாடியே தெரியும், அவளுக்காகத்தான் கேக்கே"ன்னேன். ஒரு பையன் மரியாதையா ஒரு தட்டைக் கரண்டியை எடுத்து, கேக் மேல இருந்த என் பேரை எழுத்து எழுத்தாச் சுரண்டினான். சுரண்டினதை வீணாக்க வேண்டாம்னு ஒரு தட்டுல வெச்சு என்கிட்டயே குடுத்தான். நான் சாப்பிட்டேன். வேற என்ன செய்யறது?

இதோட முடிஞ்சிருந்தா பரவாயில்லை. துக்கத்துல நேரா லேபுக்குள்ள போய் வேலையில முகத்தைப் புதைச்சுக்கிட்டேன். எங்க லேபுல கையில கிரீம் தடவிக்கிட்டு யாரும் நுழையக்கூடாது, ஒரு விரல் கொழுப்பு பட்டாலும் சாம்பிள் கெட்டுடும், இந்தச் சட்டம் போட்டதே நான்தான். கொஞ்ச நேரத்துல, கொழுப்பை அளக்குற இயந்திரத்துத் திரையில, இதுவரைக்கும் எந்தச் சவ்விலயும் பார்க்காத, வால் குட்டையான ஒரு கொழுப்போட கோடு ஓங்கி நிக்குது. எனக்கு மறுபடியும் உயிர் வந்தது. இது போதும்டா சாமி, அடுத்த வருஷப் பரிசு இதுக்குத்தான்னு எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். என் மாணவி ஒருத்தி திரையைப் பார்த்தா, என் விரலைப் பார்த்தா, அப்புறம் ரொம்ப மெதுவா, "சார், இது கேக்ல இருந்த வெண்ணெய்"ன்னா. மூணு மாசம் சேர்த்து வெச்ச சாம்பிள் அத்தனையும் போச்சு. கொழுப்பையே கட்டிக்கிட்டு அழுதவனுக்கு வெண்ணெய் எதுன்னு தெரியலைன்னு நாளைக்கு ஊரே சிரிக்கும்.

சாயங்காலம் அந்தச் செயலாளர் மறுபடி போன் பண்ணினார். "ஐயா, நேத்து எடுத்தது நீங்களா? அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதை உங்ககிட்டச் சொல்லிட்டேன் போலிருக்கே, குரலைக் கேட்டதும் சளி பிடிச்சிருக்குன்னு நினைச்சுட்டேன்"னு அழாத குறை. எனக்கு வந்த கோபத்துக்கு நாலு கேள்வி நறுக்குன்னு கேக்கணும்னுதான் இருந்தேன், அவர் குரல் போன போக்குல நான்தான் ஆறுதல் சொல்ல வேண்டியதாப் போச்சு. அதோட விட்டாரா? பரிசு பெறுபவரின் துணைவருக்கு ஒரு வசதி இருக்காம். இவ மேடையில பேசிக்கிட்டிருக்கும்போது, துணைவர்களை எல்லாம் ஒரு பஸ்ல ஏத்தி, ஊர் சுத்திக்காட்டி, பழைய கடிகாரங்கள் வெச்சிருக்கிற ஒரு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிட்டுப் போவாங்களாம். ஜன்னல் சீட் வேணுமான்னு கேட்டார் அக்கா.

இவ வீட்டுக்கு வந்து வாசல்ல நின்னு, "என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்"னா. நான் முந்திக்கிட்டு, "வாழ்த்துகள், எனக்கு ஆரம்பத்திலேருந்தே தெரியும்"னு சொல்லிட்டு அடுப்படிக்குள்ள போயிட்டேன். அவளுக்குக் கிடைச்சதுல எனக்கு வயித்தெரிச்சல்னு நினைச்சுடாதே. அவளுக்குக் கிடைக்கலைன்னாதான் எனக்குக் கோபம் வந்திருக்கும். ஆனா ஒரு ராத்திரியும் ஒரு காலையும் ஜெயிச்சவனா இருந்துட்டேனே, அதை எங்க கொண்டு போய் வைக்கிறதுன்னு தெரியல. நான் ஏமாந்த கதை இவளுக்கு இன்னும் தெரியாது. அந்த மானமாவது மிஞ்சட்டும். ஆகவே இவளுக்குத் தெரிவதற்குள் நான் கிளம்பியாக வேண்டும். அத்தான் தம் டயர்க் கடைக் கல்லாவில் உட்காரச் சொன்னாலும் உட்காருவேன். டயரில் கொழுப்பு இல்லை, அது போதும்.

அத்தானுக்கு என் வணக்கங்கள். பிள்ளைகளுக்கு ஆசிகள், விஞ்ஞானம் மட்டும் படிக்க வேண்டாம் என்ற அறிவுரையோடு. பதிலில் டயர்களை எடுத்துவிட்ட செய்தி இருக்கும் என எதிர்பார்க்கும்,
உன் துர்ப்பாக்கியத் தம்பி

பின்குறிப்பு: அண்ணி, நான்தான். இவர் உங்களுக்கு எழுதுற கடிதத்துல எல்லாம் கீழே நான் ரெண்டு வரி எழுதுவேனே, பழக்கதோஷத்துல இதிலயும் இடம் விட்டு என்கிட்டக் குடுத்து, "மேல படிக்காம எழுது"ன்னு சொல்லிட்டு ஸ்டாம்ப் வாங்கப் போயிருக்கார். படிச்சுட்டேன். டயரை எடுக்க வேண்டாம். திங்கட்கிழமை சாயங்காலம், செயலாளர் வீட்டுக்குப் பண்றதுக்கு முன்னாடியே, பரிசுக் குழுத் தலைவி எனக்கு லேபுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டாங்க. சட்டமாவது ஒண்ணாவது, முதல்ல இவர்கிட்டச் சொல்லணும்னு ஓடி வந்தேன். கதவைத் திறந்தா பாட்டுப் பாடிக்கிட்டுப் பாத்திரம் கழுவுறார். அந்த முகத்தைப் பார்த்ததுமே என்ன நடந்திருக்கும்னு புரிஞ்சு போச்சு. இவ்வளவு சந்தோஷமா இவரை நான் பார்த்ததே இல்லை. மறுநாள் மத்தியானம் வரைக்குமாவது அந்தச் சந்தோஷம் இருக்கட்டும்னு விட்டுட்டேன். கேக் வாங்குவாங்கன்னு யார் கண்டா? தப்பு என் மேலதான். காலையில குளியலறை வாசல்ல துண்டோட நின்னு அந்த உரை முழுக்கக் கேட்டேன். "அந்தக் கொழுப்பு உள்ளேயே உட்கார்ந்திருக்கும்னு மட்டும்தான் எனக்குத் தெரியும், அது ஏன் வெளிய வருதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தவ என் மனைவி, அவ பேரையும் சேர்த்துப் படிங்க"ன்னு ஷவர்கிட்டச் சொல்லிக்கிட்டிருந்தார். நான் மேடையில அந்த உரையைத்தான் பேசப் போறேன், 'மனைவி'ங்கிற இடத்துல 'கணவர்'னு மாத்திக்கிட்டு. பஸ் வேண்டாம், முதல் வரிசையில ஒரு நாற்காலி போடுங்கன்னு செயலாளர்கிட்டச் சொல்லியாச்சு. இவருக்குத் தெரியக்கூடாது, தெரிஞ்சா முடி வெட்டுறவருக்குத் தெரிஞ்சுடும். ஒரே ஒரு கஷ்டம் அண்ணி. கடைசி வரி மட்டும் தண்ணிச் சத்தத்துல எனக்குக் கேக்கல. அதை இவர்கிட்ட எப்படிக் கேட்டு வாங்குறதுன்னு நீங்கதான் ஒரு வழி சொல்லணும்.