சம்பந்திகள் போட்ட முன்பணம்

“அம்மா, நாங்க பிரியறதா முடிவு பண்ணிட்டோம். வீட்டை வித்துடப் போறோம்.”

ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அம்மா அழுவதற்காகக் காத்திருந்தான் லிஃப்ட் மெக்கானிக்.

அம்மா தையல் இயந்திரத்தை நிறுத்தினாள். உதட்டில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“அப்போ நான் குடுத்த முன்பணம் எப்போ கைக்கு வரும்?” என்றாள்.

வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த ஆறுதல் வார்த்தைகள் எல்லாம் வீணாயின. அழுதால் என்ன சொல்வது, திட்டினால் என்ன சொல்வது, மயங்கி விழுந்தால் எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது என்றெல்லாம் யோசித்திருந்தான். இதற்கு யோசிக்கவில்லை.

“வரும்மா. வித்த உடனே வரும்.”

“உடனேன்னா?”

அந்த வீட்டுக்கு வங்கி கடன் கொடுத்தது. ஆனால் வங்கி வாய் திறப்பதற்கு முன்னால் கட்ட வேண்டிய முன்பணத்தைக் கட்டியவர்கள் இரண்டு சம்பந்திகள். புருஷன் போனபிறகு தையல் கடை நடத்திப் பிள்ளையை ஆளாக்கிய அவன் அம்மா ஒரு பாதி. மனைவியை இழந்து, மகளைத் தனியாக வளர்த்து, ரயில் கார்டு வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட அவன் மாமனார் மறுபாதி. கடனா, அன்பளிப்பா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. பிள்ளைகள் நன்றாக இருக்கப்போகிறார்கள் என்ற நம்பிக்கையில் கொடுத்த பணம்.

பிள்ளைகளுக்குள் பெரிய பகை ஒன்றுமில்லை. ஊரில் எந்த லிஃப்ட் எந்த மாடியில் சிக்கினாலும் அவன் ஓடிவிடுவான். அவள் அச்சகத்தில் பிழை திருத்துபவள். ஒருமுறை அவள் பிறந்தநாளுக்குக்கூட வராமல் போனதற்காக, “மன்னிப்பு கேட்கிறேன்” என்று சீட்டெழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டு வேலைக்குப் போனான். திரும்பி வந்து பார்த்தால், நடுவில் ஒரு “க்” விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேர்த்திருந்தாள். வேறு பதில் இல்லை. அதற்குப்பிறகு பேச்சு தேய்ந்து, கடைசியில் சண்டை போடக்கூட இருவருக்கும் நேரம் ஒழியாமல் போனது.

அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்த அன்றைக்குச் சமையலறை வாசலில் நின்றபடி அவன் சொன்னான்: “எங்கம்மா அழவே இல்லை.”

அவள் தட்டைக் கழுவுவதை நிறுத்தினாள். “எங்கப்பாவும்தான். ‘மாசக் கடைசிக்குள்ள பணம் வந்துடுமா’ன்னு கேட்டார்.”

“மாமாவா கேட்டார்?”

“பொண்ணு வாழ்க்கை போச்சேன்னு ஒரு வார்த்தை இல்லை. பணம் வருமான்னுதான்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பல மாதங்களில் அவர்கள் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

“அம்மாவுக்கு உடம்புக்கு ஏதோ இருக்கு. என்கிட்ட மறைக்கறாங்க,” என்றான் அவன். “நான் போனா போனை டக்குனு வெச்சுடறாங்க. டாக்டராத்தான் இருக்கும்.”

“அப்பா யாருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கிட்டார். தலைக்குச் சாயம் அடிச்சிருக்கார், தெரியுமா?”

“மாமாவா? எதுக்கு?”

“கடன்காரனுக்கு அடையாளம் தெரியக் கூடாதுன்னுதான். வேற எதுக்கு?”

உண்மை வெளிவர வேண்டுமென்றால் பணத்தைத் தாமதப்படுத்த வேண்டும் என்று முடிவாயிற்று. நெருக்கினால் பெரியவர்கள் தாங்களாகவே வாயைத் திறப்பார்கள்.

“வீட்டை வாங்க ஆள் கிடைக்கலைம்மா. ஆறு மாசம் ஆகும் போலிருக்கு,” என்று அவன் அம்மாவிடம் போய்ச் சொன்னான்.

மறுநாள் காலையில் வீட்டு வாசலில் ஒரு தரகர் நின்றார். கூடவே, வீடு வாங்க ஒரு தம்பதி.

“அம்மா அனுப்பினாங்க,” என்றார் தரகர். “தம்பி, கொஞ்சம் நகர்ந்துக்கோங்க. வாங்கறவங்க குளியலறையைப் பார்க்கணுமாம்.”

குளியலறையைப் பார்த்தார்கள். பிடித்துப்போயிற்று. தலைவலி ஒன்று இரண்டானது.

அடுத்து அவள் அப்பாவிடம் போனாள். “வக்கீல் எழுதி முடிச்சுப் பங்கு பிரிக்க ஒரு வருஷம் ஆகும்னு சொல்றாங்கப்பா.”

“எந்த வக்கீல் அது? ரயில் லேட்டா வரலாம். காகிதம் ஏன் லேட்டாகணும்?” என்ற அப்பா, அந்த வாரமே வேறொரு வக்கீலம்மாவைப் பிடித்துவிட்டார். வெள்ளிக்கிழமை நாலு பேரும் வர வேண்டும் என்று நேரமும் வாங்கிவிட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாக, ஒரு வருஷம் தள்ளிப்போட நினைத்தது ஒரே வாரத்தில் வந்து நின்றது.

அந்த ஒரு வாரமும் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் துப்பறியும் வேலைதான். அவன் மருந்துக் கடையில் போய் விசாரித்தான். அம்மா அங்கே தலைவலி மாத்திரைகூட வாங்கியதில்லை. அவள் அப்பாவின் பழைய நண்பர்களைக் கேட்டாள். அவர் யாருக்கும் கையெழுத்துப் போடவில்லை. ஒவ்வொரு சேதிக்கும் அவன் வேலைக்கு நடுவே அவளைக் கூப்பிட்டான். அவள் அச்சுத்தாளை ஒதுக்கிவைத்துவிட்டு எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை வக்கீலம்மாவின் அறையில் அம்மா ஒரு ஓரத்திலும் மாமனார் எதிர் ஓரத்திலும் உட்கார்ந்தார்கள். முகத்தோடு முகம் பார்த்துக்கொள்ளவில்லை. பணச் சண்டை ஆரம்பிக்கப்போகிறது என்று மகனும் மகளும் காத்திருந்தார்கள்.

“வங்கிக் கடன் போக மிச்சத்தை எப்படிப் பிரிக்கலாம்?” என்று கேட்டார் வக்கீலம்மா. “பாதிப் பாதியா?”

“பாதி எல்லாம் வேண்டாம்,” என்றார் மாமனார்.

இதோ, ஆரம்பித்துவிட்டது.

“முழுசையும் சம்பந்தியம்மா பேருக்கே எழுதிடுங்க.”

“ஐயோ, வேண்டாம்!” என்றாள் அம்மா. “அவர் கைக்கே போகட்டும். எனக்கு ஒரு காசு வேண்டாம்.”

“நான் சொல்றதைக் கேளுங்க. உங்ககிட்ட இருந்தா பத்திரம்.”

“உங்ககிட்ட இருந்தா மட்டும் என்ன, பறந்தா போயிடும்?”

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றினார். “எனக்கு வேணும்னு அடிச்சுக்கறவங்களைப் பார்த்திருக்கேன். உங்களுக்குத்தான்னு அடிச்சுக்கறவங்களை இப்பத்தான் பார்க்கறேன். கொஞ்சம் வெளியில போய் நாலு பேரும் மூச்சு விட்டுட்டு வாங்க.”

பெரியவர்கள் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. சின்னவர்கள் மட்டும் எழுந்து வெளியே நடைபாதைக்கு வந்தார்கள். அவன் சட்டைப்பையில் போன் அலறியது. எங்கோ ஒரு லிஃப்ட் சிக்கிக்கொண்டிருந்தது. அவன் எடுத்துப் பார்த்தான். பக்கத்துப் பகுதி மெக்கானிக்கின் எண்ணைச் சொல்லிவிட்டு, போனை அணைத்துவிட்டான்.

அவள் அதைப் பார்த்தாள். எந்தத் திருத்தமும் சொல்லவில்லை.

“எவ்வளவு பெரிய மனசு பாருங்க ரெண்டு பேருக்கும்,” என்றாள் கொஞ்சம் கழித்து. “நாமதான் கேவலமா சந்தேகப்பட்டோம்.”

“ஆமா.” அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “இன்னொண்ணு. இப்ப உள்ள நடந்ததைப் பார்த்ததும், இதை உன்கிட்ட சொல்லணும்னுதான் முதல்ல தோணுச்சு. நீ பக்கத்துலயே இருக்கே. ஆனா பிரிஞ்சப்புறம் இந்த மாதிரி எதையாவது பார்த்தா நான் யார்கிட்ட போய்ச் சொல்லுவேன்?”

அவள் கைப்பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டு, “வாங்க, உள்ள போய்ச் சொல்லிடலாம்,” என்றாள்.

இருவரும் ஒன்றாகவே உள்ளே நுழைந்தார்கள்.

“மாமா, அம்மா,” என்றான் அவன். “நாங்க பிரியலை. வீட்டையும் விக்கலை. உங்க பெருந்தன்மையைப் பார்த்துத்தான் எங்களுக்குப் புத்தி வந்தது.”

ஆனந்தக் கண்ணீரை எதிர்பார்த்து நின்றார்கள்.

வண்டியைத் தவறவிட்ட பயணி மாதிரி இருந்தது மாமனாரின் முகம். அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டாள்.

“என்ன மாப்பிள்ளை, இப்படித் திடுதிப்புனு?” என்றார் மாமனார். “அவசரப்பட்டு முடிவெடுக்காதீங்க.”

“பிரியறதுன்னு ஒரு தடவை சொன்னா அந்தச் சொல்லுல நிக்க வேண்டாமாடா?” என்றாள் அம்மா. “சேர்ந்து வாழறது என்ன லேசுப்பட்ட காரியமா?”

அந்த நேரம் பார்த்துக் கதவு படீரென்று திறந்தது. வியர்க்க விறுவிறுக்க உள்ளே வந்த தரகர், சின்னவர்களைக் கவனிக்காமல் நேராகப் பெரியவர்களிடம் போனார்.

“ஐயா, அம்மா, முன்பணத்தை மட்டும் கையோட கொண்டுவந்துடுங்க. ரெண்டுக்கும் ஒரே நாள் கிடைச்சிடுச்சு. காலையில உங்க புது வீட்டுப் பதிவு, மத்தியானம் உங்க கல்யாணப் பதிவு!”